குடல்வளரி எந்தப் பக்கம்?

வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் முத்துலிங்கம் டாக்டரான கதையைக் கேட்டால், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவார்கள். அவன் படித்தது ஒரே ஒரு படம். அதுவும் முழுப்படம் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலி தின்றுவிட்ட படம்.

டயகமவிலிருந்து மேலே ஏறினால், பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது அந்தத் தோட்டம். அங்கே டிஸ்பென்சரி என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு மேசை, சிவப்பு மருந்து ஒரு போத்தல், வெள்ளை மருந்து ஒரு போத்தல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்து நடத்த வந்தபோது, பழைய டிஸ்பென்சர் பென்சன் வாங்கிக்கொண்டு தன் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். புதிய ஆளைப் போடக் கம்பனிக்கு மனம் வரவில்லை. டிஸ்பென்சரிச் சாவி முத்துலிங்கத்தின் இடுப்பில் இருந்தது, ஏனென்றால் அங்கே கூட்டிப் பெருக்கிப் போத்தல் கழுவியவன் அவன்தான். சாவி இருந்த இடுப்புக்கே உத்தியோகமும் போய்ச் சேர்ந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பைப்பூவாவது இனிக்கும்.

அவனுடைய மனைவி நாகலெட்சுமிக்கு இந்த உயர்வு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. போத்தல் கழுவிய காலத்தில் அவன் நல்ல மனுசன். மாலையில் விறகு பிளப்பான், மகள் பிரேமினியைத் தோளில் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போவான். சாவி கைக்கு வந்த மறுமாதமே வெள்ளை மேல்சட்டை தைத்துக்கொண்டான். பழைய டிஸ்பென்சர் விட்டுப்போன இதயம் பார்க்கும் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோயிலுக்கும் அதோடேயே வந்தான். "சாமிக்கு ஏதும் நோவா?" என்று நாகலெட்சுமி கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. டாக்டர்கள் கண்டபடி பேசமாட்டார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்தப் படத்தைக் கொடுத்தவர் மகாலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பள்ளிக்கூடத்துக்குப் புதுப்படம் வந்ததும், எலி தின்ற பழையதை முத்துலிங்கத்திடம் தள்ளிவிட்டார். தோலுரித்த மனிதன் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்பான். உள்ளே இருப்பதெல்லாம் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் போட்டிருக்கும். முத்துலிங்கம் மூன்று மாதம் ராப்பகலாக அதை மனப்பாடம் பண்ணினான். பிரிமென்றகடு, சதையி, மண்ணீரல், பித்தப்பை, குடல்வளரி என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவான். பிரிமென்றகடு என்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற சவ்வு. அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் நல்ல நோக்கத்தில்தான் வைத்திருப்பார். முத்துலிங்கம் அதை உச்சரித்த அழகில், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பிள்ளைகள் அதையே அவனுக்குப் பட்டப்பெயராக்கிவிட்டார்கள். முகத்துக்கு முன்னால் 'டாக்டரய்யா', முதுகுக்குப் பின்னால் 'பிரிமென்றகடு'.

பெயர்களை மட்டும் படித்திருந்தால் ஊருக்குத் தீங்கில்லை. கிளிப்பிள்ளை ஒன்று வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறது என்று விட்டுவிடலாம். அவன் அந்தப் பெயர்களை வைத்து நாட்டாமை பண்ணினான்.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். கங்காணி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, இன்றைக்கு யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவார். சுகமில்லை என்று பெரட்டுக்கு வராமல் இருக்க வேண்டுமானால் டிஸ்பென்சரியில் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குத் தோட்டத்து லொறியில் போவதற்கும் அதே துண்டுதான். துண்டு கேட்டு வருகிறவர்களை முத்துலிங்கம் படத்துக்கு முன்னால் நிறுத்துவான். வலிக்கிற இடத்தில் விரலை வைக்கச் சொல்லுவான். பிறகு திரும்பிப் படத்தைப் பார்ப்பான். அந்த இடத்தில் பெயர் போட்ட உறுப்பு ஏதாவது இருந்தால் நோய் உண்டு. இல்லாவிட்டால் நோய் இல்லை.

"குறுக்கு வலிக்குதுங்க டாக்டரய்யா" என்று ஒருத்தி வந்து நிற்பாள். பிறந்ததிலிருந்து கூடை சுமக்கிற இடுப்பு.

"குறுக்கா? குறுக்குன்னு ஒடம்புல ஒண்ணும் கெடையாது. முள்ளந்தண்டா, சிறுநீரகமா? சரியாச் சொல்லு."

அவள் என்ன சொல்லுவாள்? விழித்துக்கொண்டு நிற்பாள். சிவப்பு மருந்தை ஊற்றிக் கொடுத்து மலைக்கு அனுப்பிவிடுவான். அடிவயிறு, விலா, நெஞ்சுக்குழி என்று வந்தவர்களுக்கும் இதே கதிதான். படத்தில் முழங்காலுக்குக் கீழே எலி தின்றிருந்ததால், கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தவர்களுக்குத் துண்டே கிடையாது. இத்தனை வருசம் அம்மா அப்பா சொல்லிக்கொடுத்த பெயரில் வலித்துக்கொண்டிருந்த உடம்பு, இனிமேல் முத்துலிங்கத்தின் பெயரில் வலித்தால்தான் வலி.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. படத்தில் நின்ற மனிதன் பார்க்கிறவனைப் பார்த்து நின்றான். நமக்கு எதிரே முகம் கொடுத்து நிற்கிறவனின் வலது கை நமது இடது பக்கம் இருக்கும். எதிரே நிற்கிறவனுக்கு வெற்றிலை நீட்டிய எவனுக்கும் இது தெரியும். முத்துலிங்கத்துக்குத் தெரியவில்லை. அவன் தினம் கண்ணாடி பார்த்து மீசை நறுக்குகிறவன். கண்ணாடியில் நம் இடது கை இடது பக்கமாகவே தெரியும் அல்லவா? படத்தையும் அவன் கண்ணாடியாகவே பார்த்தான். படத்தில் ஈரல் தன் இடது கைப் பக்கம் தெரிந்தால், மனிதனுக்கு ஈரல் இடது பக்கம். குடல்வளரி, அதுதான் அப்பெண்டிக்ஸ் என்று பஸ் கண்டக்டருக்கும் தெரிந்த அந்தப் புழுப் போன்ற துண்டு, அதுவும் இடது பக்கம். இதயம் வலது பக்கம்.

"நெஞ்சு இடது பக்கமில்லியா துடிக்குது? சினிமாப் படத்துல எல்லாரும் கைய அங்கதான வைக்கிறாங்க" என்று நாகலெட்சுமி ஒருநாள் கேட்டாள்.

"சினிமாக்காரனுக்கு என்னா தெரியும்? அவன் பொம்பளையப் பாத்துக்கிட்டே எதையாவது புடிப்பான். நா படிச்சவன்" என்றான் முத்துலிங்கம்.

அந்த இதயக் குழாயை எல்லாருக்கும் வலது மார்பில்தான் வைத்துப் பார்த்தான். அங்கே வைத்தால் எங்கோ தூரத்தில் யாரோ கோழிக்குத் தவிடு இடிப்பது மாதிரி மெல்லக் கேட்கும். "மெதுவாத்தான் துடிக்குது. இதயம் பலவீனம்" என்று தலையை ஆட்டுவான். தோட்டத்தில் கல் உடைக்கிற ஆள் முதற்கொண்டு எல்லாருக்கும் இதயம் பலவீனம். நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கொழுந்து மலையில் அவனைப் போலவே குரல் மாற்றிப் பேசிக்காட்டி மற்றவர்களையும் சிரிக்கவைப்பாள். அவளுக்கு அவன் மேல் இருந்தது கோபம்கூட இல்லை, இளக்காரம். இளக்காரத்தோடு ஒரே வீட்டில் வருசக்கணக்காகக் காலம் தள்ளலாம், அதுதான் அதில் உள்ள வசதி.

ராக்காயி செத்ததோடு அந்தச் சிரிப்பு நின்றிருக்க வேண்டும்.

ராக்காயி அடுத்த லயத்துக்காரி, கவ்வாத்து வெட்டுகிற அழகுமுத்துவின் மனைவி. ஒரு மழைக்காலத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். வலது பக்கம் கீழே விரலை வைத்தாள். முத்துலிங்கம் படத்தைப் பார்த்தான்.

"இடது பக்கம்னா குடல்வளரி. லொறி குடுக்கலாம். ஒனக்கு வலது பக்கம். அங்க ஒண்ணுமில்ல, சும்மா கொடல்தான். வாயு புடிச்சிருக்கு" என்று வெள்ளை மருந்து ஊற்றினான்.

மறுநாளும் வந்தாள். மறுபடியும் வெள்ளை மருந்து. அதற்கு அடுத்த நாள் அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது அவன் துண்டு எழுதினான். 'காய்ச்சல்' என்று எழுதினான். லொறி டயகமவைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஊரில் சொல்லுவார்கள். முத்துலிங்கத்துக்கு அத்தனை பேர் தேவைப்படவில்லை. ஒருத்தியோடு முழு வைத்தியனாகிவிட்டான். சாவு வீட்டில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கடைசி நேரத்துல கொண்டாந்தீங்க" என்று அழகுமுத்துவுக்கே புத்தி சொன்னான்.

பெண்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. முத்துலிங்கம் சொல்வது பிழை என்பதல்ல அந்தப் பாடம். வலது பக்கம் வலித்தால் லொறி கிடையாது, இடது பக்கம் வலித்தால் லொறி உண்டு என்பதுதான். அதைக் கூட்டிப் பெருக்கிச் சொல்லிக்கொடுத்தவள் நாகலெட்சுமி.

"எங்க வலிச்சாலும் சரி, இடது பக்கம் கீழ கைய வச்சு 'அய்யோ குடல்வளரி'ன்னு கத்துங்க. அந்தப் பேரக் கேட்டா அவருக்கு உச்சி குளுந்துரும். மத்ததப் பெரியாஸ்பத்திரியில பாத்துக்குவாங்க" என்றாள்.

நல்ல தந்திரம்தான். காய்ச்சல்காரி, கர்ப்பத்தில் கோளாறுக்காரி, மார்பில் கட்டி வந்தவள் எல்லாரும் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு லொறி ஏறினார்கள். முத்துலிங்கம் ஒவ்வொரு துண்டிலும் 'குடல்வளரி' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். அவன் துண்டைப் பெரியாஸ்பத்திரியில் யாரும் படிக்கவில்லை, அதனால் சிலர் பிழைத்தார்கள். ஆனால் நல்ல தந்திரம் நல்லவர்கள் கையில் மட்டும் நிற்குமா? ஹட்டனில் சீலை எடுக்க ஆசைப்பட்டவளும், நல்லதண்ணிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்குப் போக வேண்டியவளும் இடது பக்கத்தைப் பிடித்தார்கள். லொறி ஓடிய ஓட்டத்தில், தோட்டத்தை நடத்திய பெரிய தொரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முத்துலிங்கத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டு, இந்தத் தோட்டத்துப் பொம்பளைகளுக்கு மட்டும் ஆளுக்கு எத்தனை குடல்வளரி என்று கேட்டாராம். இன்னொரு பொய்த் துண்டு வந்தால் சாவியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடு என்றாராம்.

முத்துலிங்கம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஏமாற்றப்பட்டது அவனுக்கு வலிக்கவில்லை. கிளாக்கர்மாருக்கு முன்னால் ஏச்சு வாங்கியதுதான் வலித்தது. அன்றிலிருந்து இடது பக்கத்தைப் பிடித்தவர்களையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தான். ஆக, வலது பக்கத்தில் நோய் இல்லை, இடது பக்கத்தில் பொய். தோட்டத்தில் சுகமில்லாமல் போக ஒரு பக்கமும் மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரேமினிக்கு வயிற்று வலி வந்தது.

எட்டாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சாயந்தரம் வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது. குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தாள். முத்துலிங்கம் வந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், விரலை வைக்கச் சொன்னான். அவள் வலது பக்கம் வைத்தாள்.

"வாயுதான். இஞ்சித் தண்ணி குடு" என்றான்.

நாகலெட்சுமிக்கு ராக்காயி ஞாபகம் வந்தது. "லொறிக்கு எழுதுங்க" என்றாள்.

"வலது பக்கம் வலிக்கிதுன்னு புள்ளயே சொல்லுது. அங்க என்னா இருக்கு? சொந்தப் புள்ளைக்கே பொய்த் துண்டு எழுதினான்னு தொர என்னய நாளைக்கே மம்பட்டி எடுக்கச் சொல்லுவாரு."

அவன் மகளை வெறுத்தவன் அல்ல. அன்று ராத்திரி முழுக்க அவள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்துக்கொண்டே அவளைச் சாகவிட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். விடியும்போது பிள்ளையால் காலை நீட்ட முடியவில்லை. உடம்பு கொதித்தது. நாகலெட்சுமி குனிந்து மகளின் காதில், "இடது பக்கம்னு சொல்லு தாயி" என்றாள். அதை முத்துலிங்கம் கேட்டுவிட்டான்.

"ஓகோ! நீதானா அது?" என்று எழுந்தான். "ஊரு பூராத்துக்கும் சொல்லிக்குடுத்தது என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கா?"

அந்த நிமிசத்திலும் அவனுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. மேல்சட்டையை மாட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போகிற மாதிரி வெளியே இறங்கிவிட்டான். நாகலெட்சுமி பக்கத்து வீட்டு மீனம்மாவைப் பிள்ளையிடம் உட்காரவைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள். வழியில் இருந்த பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கங்காணி நின்றார், பெரிய கிளாக்கர் நின்றார். கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற லொறியும் நின்றது. அவள் நேரே லொறிக்காரச் சுதாகரனிடம் போனாள்.

"தம்பி, புள்ளயத் தூக்கியாறேன், கொண்டுபோய்ச் சேர்த்துரு."

"துண்டு இல்லாம எடுத்தா என் வேல போயிரும்கா. டாக்டரய்யாகிட்ட ஒரு வரி வாங்கித் தாங்க, பறந்துர்றேன்" என்றான் சுதாகரன். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்.

டாக்டரய்யா ஏற்றத்தில் விறுவிறுவென்று நடந்து வந்ததில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான். நாகலெட்சுமி அவன் முன்னால் போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவனைத் தொடாதவள், அவனுடைய வலது கையை இழுத்து அவன் நெஞ்சின் வலது பக்கம் வைத்து அழுத்தினாள்.

"துடிக்குதா?"

"விடுடி! என்னாடி இது?"

"துடிக்குதான்னு கேட்டேன். படிச்ச மனுசன், சொல்லுங்க."

பிறகு அதே கையை இழுத்து இடது பக்கம் வைத்தாள். ஏற்றம் ஏறி வந்த நெஞ்சு. அது அவன் உள்ளங்கையில் திமுதிமுவென்று இடித்தது. இத்தனை வருசம் அடுத்தவர் நெஞ்சில் குழாய் வைத்தவன் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்ததே இல்லை. முகம் செத்துப்போய்விட்டது. கங்காணி தன் சட்டைக்குள் கையை விட்டுத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இது மாறியிருந்தா குடல்வளரியும் மாறித்தான் இருக்கும். எழுதுங்க" என்றாள் நாகலெட்சுமி. "எழுதாட்டி என் புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே போவேன். செத்தா இந்தக் களத்துலயே கொண்டாந்து போடுவேன்."

அவன் எழுதினான். எழுதினதுதான் எழுதினான், 'குடல்வளரி, இடது' என்று எழுதினான். அந்த ஒரு சொல்லை விட அவனுக்கு மனம் வரவில்லை. சுதாகரன் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பிள்ளையை ஏற்ற லயத்துப் பக்கம் லொறியை எடுத்தான்.

நுவரெலியாப் பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே பிரேமினியை வெட்டித் தைத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள். மகள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு நாகலெட்சுமி வார்டில் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்களில் அதே வெட்டு வாங்கிய பெண்கள் படுத்திருந்தார்கள், ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் அம்மாவும். எல்லாருக்கும் கட்டு வலது பக்கம் இருந்தது. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நர்சிடம் கேட்டாள், இது யாருக்காவது இடது பக்கம் இருக்குமா என்று. நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஒக்கோடம தகுணு பெத்தே, அம்மே" என்றாள். எல்லாருக்கும் வலது பக்கம்தான்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்சில் மகாலிங்கம் மாஸ்டரும் ஏறினார். நாகலெட்சுமி நடந்ததைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அவன் படத்தை மாறிப் பாக்கிறான் எண்டு எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை. நாங்கள் மாஸ்டர்மார் குவாட்டர்சிலை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறனாங்கள். இதயம் வலப்பக்கமாம்!"

"தெரிஞ்சும் நீங்க சொல்லலியா சேர்?"

"அவர் பெரிய டொக்டர் எல்லே? நான் சொன்னாக் கேப்பாரோ?"

அந்தச் சிரிப்பை நாகலெட்சுமிக்கு நன்றாகத் தெரியும். மலையில் தான் சிரித்த சிரிப்பும் அதே ரகம்தான் என்று அவளுக்குப் பட்டபோது, மாஸ்டரை ஏச வாய் வரவில்லை. அறிவு இருந்தவன் சிரித்தான், அறிவு இல்லாதவன் துண்டு எழுதினான், நடுவில் நின்றவள் குரல் மாற்றிப் பேசிக்காட்டிச் சிரிக்கவைத்தாள். மூன்று பேருமாகச் சேர்ந்துதான் ராக்காயியைக் கம்பளியில் சுற்றி லொறியில் ஏற்றினார்கள்.

பிரேமினியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை பார்க்க ஆட்கள் வந்தார்கள். பிஸ்கட்டும் தோடம்பழமுமாக வீடு நிறைந்தது. பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவன் ஒரு மாதமாவது தலையைக் காட்டமாட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நினைத்தால் முத்துலிங்கத்தைத் தெரியாது என்று அர்த்தம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"லட்சத்துல ஒருத்தருக்குத்தாங்க இப்பிடி" என்று விளக்கிக்கொண்டிருந்தான். "உள்ளுறுப்புக எடம் மாறிப் பொறக்குறது. எனக்கு இதயம் மாறி இருக்கு. அது அப்பிடியே மகளுக்கு எறங்கி, அவளுக்குக் குடல்வளரி மாறிப்போச்சு. பரம்பரை. பெரியாஸ்பத்திரியில இருந்த டாக்டர்மாருக்கே அதிசயமாப் போச்சு."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். நாளைக்கும் அவனிடம்தானே துண்டு வாங்க வேண்டும்? நாகலெட்சுமி குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவளுக்கு இப்போது அவன் மேல் இருந்தது பழைய இளக்காரம் இல்லை. அருவருப்பு.

வாசலோரம் அழகுமுத்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்கலாமுங்களா? எங்க ராக்காயிக்கும் வலது பக்கந்தான வலிச்சுச்சு. அப்ப அவளுக்கும் எடம் மாறித்தான் இருந்துச்சுங்களா?"

அதில் நக்கல் இல்லை. அந்த மனுசன் நிசமாகவே கேட்டார். வெளியேற ஒரு கதவு திறந்துவிட்டது என்று முத்துலிங்கம் கண்டுகொண்டான்.

"இருந்திருக்கும் அழகுமுத்து. பாவம். மாறித்தான் இருந்திருக்கும். அத ஆருமே கண்டுபுடிச்சிருக்க ஏலாது."

அழகுமுத்து மெதுவாகத் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் நாகலெட்சுமி தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

"இல்லண்ணே" என்றாள். "மாறல. எல்லாருக்கும் வலது பக்கந்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில நா கண்ணால பாத்தேன். ராக்காயிக்கும் சரியான எடத்துலதான் இருந்துச்சு. சரியான எடத்துலதான் அவ கைய வச்சா. இவருக்குத்தான் தெரியல."

"வாய மூடுடி" என்றான் முத்துலிங்கம்.

"இவருக்குத் தெரியாதுங்கறது எனக்கு முன்னமேயே தெரியும்ணே. அவ செத்தப்பறம் தொரகிட்டப் போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. அந்தச் சம்பளத்துலதான் நானும் தின்னேன்."

வீட்டில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முத்துலிங்கம் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். சதையியா பிரிமென்றகடா தெரியவில்லை, ஒரு பெயரும் வரவில்லை. அழகுமுத்து அவன் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து, பிரேமினி படுத்திருந்த கட்டிலோரம் போய்க் குந்தினார்.

"ரொம்ப வலிச்சுச்சா தாயி?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஆமா மாமா. நிமிந்து நிக்கவே முடியல. ஒரு பக்கமாக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன்."

"ம்" என்றார் அழகுமுத்து. அவருடைய கை கட்டிலின் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. "அவளும் அப்பிடித்தான் குனிஞ்சுக்கிட்டே இருந்தா. டாக்டரய்யா ஒண்ணுமில்லன்னாரே, ஏண்டி நடிக்கிறேன்னு நா ஏசுனேன். மலைக்குப் போடின்னு நாந்தான் ரெண்டாம் நாளு எழுப்பி அனுப்புனேன்."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் லயத்து வழியே நடந்தார்.